மீனுக்கு ஓட்டு கிடையாது

1661-ல் போர்த்துக்கல் ராஜகுமாரி காதரினை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குப் பேசி முடித்தார்கள். சீர்வரிசையில் ரொக்கம், வட ஆப்பிரிக்காவில் டாஞ்சியர் துறைமுகம், கூடவே பம்பாய் தீவு. அது எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மந்திரி கிளாரெண்டன் பிரபு பிரேசிலுக்குப் பக்கத்தில் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வந்து பார்த்தால் சதுப்பு நிலம், தென்னை, காய்ச்சல், கருவாட்டு வாடை. 1668-ல் வருஷத்துக்குப் பத்து பவுண்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு ராஜா கையைக் கழுவினார். கல்யாணம், சீர், வாடகைப் பத்திரம் எல்லாம் நடந்து முடிந்தது. அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்திக்கொண்டிருந்த கோலிகளுக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இன்றைய மீன்வளத் துறைக் காகிதங்களில் அவர்களுக்குப் 'பங்குதாரர்கள்' என்று பெயர். பெயர் வைக்கவே முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதைப் பம்பாய்க்குப் பக்கத்தில் டோம்பிவிலி கிழக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடலைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் இந்த வட்டாரத்தில் கிடையாது. 1887-ல் ரயில் நின்ற ஊர். அன்றிலிருந்து ஏறத்தான் இடமில்லை. தண்ணீர் என்று பார்த்தால் மேற்கே உல்லாஸ் கழிமுகம் இருக்கிறது. 2014 ஜனவரியில் எங்கள் ஊரில் பச்சை நிறத்தில் மழை பெய்தது. 2020 பிப்ரவரியில் ரோடு ரோஜா நிறமானது. ரசாயனத் தொழிற்பேட்டையின் கைவண்ணம். இப்படிப்பட்ட ஊரின் கழிமுகத்தில் மீன் இருக்கிறதா என்று கேட்பது மீனுக்கே மரியாதையில்லை. ஆனால் மீன் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதுங்காவில் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர்கள் கத்தரிக்காய்க் கட்சி, தாராவியில் இடம் பற்றாமல் வந்தவர்கள் மீன் கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரே லிஃப்ட்.

அந்தத் தாராவியே ஒரு மீன்பிடி ஊர்தான். 1909-ல் வந்த பம்பாய் கெஜட்டியர், நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் ஆட்கள் தோல் பதனிட வந்தபோது மாஹிம் கழிமுகத்தில் வலை விழுந்துகொண்டிருந்தது. பிறகு கழிமுகத்தைத் தூர்த்தார்கள். தோல் வந்தது, இட்லி வந்தது, சினிமாக்காரர்கள் வந்தார்கள். மீன் கிளம்பிப் போய்விட்டது. தாராவி கோலிவாடா என்ற பெயர் மட்டும் இன்னும் அங்கே குடியிருக்கிறது.

ஆனால் மீனவர்களை யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் பாவம். ஒரு தடவை கேட்டார்கள், கேட்டுத் தள்ளிவிட்டார்கள். 1863-ல் இங்கிலாந்தில் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். மூன்று பேர். அதில் ஒருவர் தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினுக்காகப் பாதிரிமாரோடு மல்லுக்கட்டிய மகாமேதை. துறை துறையாகப் போய் அறுபதாயிரத்துக்கும் மேல் கேள்வி கேட்டார்கள். தூண்டில்காரர்கள் ஒரே புகாரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "இழுவைமடிக்காரன் அடியோடு வாரிக்கொண்டு போகிறான் சாமி, குஞ்சும் குளுவானும் மிஞ்சவில்லை." கமிஷன் எல்லாவற்றையும் சிரத்தையாக எழுதிக்கொண்டு, 1866-ல் தீர்ப்புச் சொன்னது: புகாருக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், இருக்கிற சட்டங்களையும் எடுத்துவிடுங்கள். இரண்டே வருஷத்தில் எடுத்தும்விட்டார்கள்.

ஹக்ஸ்லி அதோடு நிற்கவில்லை. 1883-ல் லண்டனில் சர்வதேச மீன்வளக் கண்காட்சி நடந்தது. அதில் எழுந்து, காட், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி போன்ற பெரிய கடல் மீன்வளங்கள் வற்றாதவை, நாம் பிடிப்பதால் அவற்றின் எண்ணிக்கை அசையாது என்றார். அதே கண்காட்சியில் ரே லங்கெஸ்டர் என்ற இன்னொரு விலங்கியலாளர், அப்படியெல்லாம் இல்லை, எடுத்தால் குறையும் என்று மறுத்தார். ஹக்ஸ்லியை நாடு கேட்டது. லங்கெஸ்டரை மீன் மட்டும்தான் கேட்டிருக்கும்.

வற்றாத கடல் என்ற அந்த வாக்கு கப்பலேறி நம் பக்கமும் வந்தது. 1921-ல் பம்பாய் அரசாங்கம் 'வில்லியம் காரிக்' என்ற நீராவி இழுவைக் கப்பலைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தது. கணக்கு உதைத்ததால் மறு வருஷமே நிறுத்திவிட்டார்கள். அதே கடலில், பாய்மரத்தை நம்பிப் போன கோலிகள் டோல் வலையில் பொம்பில் மீன் பிடித்துக் காயப்போட்டு மூட்டை மூட்டையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். டோல் வலை என்பது பெரிய கூம்புப் பை. அதை யாரும் இழுக்க வேண்டாம். வாயை நீரோட்டத்துக்கு எதிரே கட்டிவைத்தால் ஓதமே மீனை உள்ளே தள்ளிவிடும். டீசல் செலவு பூஜ்யம். இந்தச் சின்ன விஷயம் இழுவைக் கப்பல் ஓட்டிப் பார்த்தவர்களின் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

1953-ல் கொல்லம் பக்கம் நீண்டகரை, சக்திகுளங்கரையில் நார்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல மனுஷர்கள். ஏழை மீனவனுக்கு நல்ல படகு, மோட்டார், ஐஸ், குழாய்த் தண்ணீர் கொடுக்க வந்தவர்கள். அறுபதுகளில் அமெரிக்காக்காரனுக்கு இறால் ருசி தட்டியதும் திட்டம் தானாகவே வேறு திட்டமாகிவிட்டது. வலை தைக்கத் தெரியாதவர்கள்கூட இழுவைப் படகு வாங்கினார்கள். கட்டுமரக்காரன் வலையை அறுத்துக்கொண்டு போனார்கள். அடிதடி, தீவைப்பு, உண்ணாவிரதம். பிறகு கமிட்டிகள்: 1981-ல் பாபு பால் கமிட்டி, 1984-ல் கலாவர் கமிட்டி, அப்புறம் பாலகிருஷ்ணன் நாயர் கமிட்டி. கலாவர் கமிட்டி இழுவைப் படகுகளைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொன்னது. படகுகள் கூடின. கடைசியில் 1988-ல் மழைக்காலத் தடை வந்தது என்றால், மீனவர்கள் வருஷக் கணக்கில் தெருவில் உட்கார்ந்ததால் வந்தது.

இந்தச் சமயத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் கணக்கு வாத்தியார்கள் சும்மா இல்லை. 1954-ல் ஷேஃபர் என்ற அமெரிக்கர் ஒரு வளைகோடு போட்டார். கடல் நிரம்ப மீன் இருந்தால் நெரிசலில் பெருக்கம் குறைவு, ரொம்பக் கொஞ்சம் இருந்தால் பெருக்க ஆள் இல்லை. நடுவில், ஏறக்குறைய பாதி இருக்கும்போது, பெருக்கம் உச்சம். அந்தப் பெருக்கத்தை மட்டும் வருஷா வருஷம் எடுத்துக்கொண்டால் மீன் என்றைக்கும் குறையாது. பார்க்க அழகான கோடு. ஐ.நா. சபை முதல் அமைச்சரவைகள் வரை எல்லோரும் அதன் உச்சியிலேயே போய் உட்கார்ந்தார்கள். உச்சியில் உட்கார்ந்தவன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சறுக்குவான் என்பது கோட்டிலேயே தெரிகிறது. 1977-ல் பீட்டர் லார்கின் என்ற கனடா விஞ்ஞானி இந்தத் தத்துவத்துக்கு இரங்கல் கட்டுரையே எழுதினார், முடிவில் கல்லறைப் பாட்டோடு. பாட்டு பாடியும் பிணம் எழுந்து நடக்கிறது. இன்றும் பல சட்டங்களில் அதுதான் குறிக்கோள்.

கனடாவிலேயே அதன் பலனையும் பார்த்தார்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் சின்னப் படகில் காட் மீன் பிடித்தவர்கள் எண்பதுகளில் கத்தினார்கள்: மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதில்லை. அரசு மாடலோ, பெரிய கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கின்றன என்று பார்த்து, எல்லாம் நலம் என்றது. பெரிய கப்பலில் எதிரொலிக் கருவி இருக்கிறது. மிஞ்சியிருக்கும் கூட்டம் எங்கே கூடியிருக்கிறதோ அங்கேயே நேராகப் போய் அள்ளும். கடைசிக் கூட்டத்தை அள்ளும் நாள்வரை அதன் கணக்கில் குறையே தெரியாது. 1992 ஜூலை 2-ல் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி கடலை மூடினார். ஐந்நூறு வருஷத் தொழில், முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஹக்ஸ்லியின் வற்றாத பட்டியலில் முதல் பெயர் காட்.

இதற்கு விமோசனம் திமிங்கலத்திடமிருந்து வந்தது. கடலில் எத்தனை திமிங்கலம் இருக்கிறது என்று சர்வதேச திமிங்கலக் கமிஷனில் எண்பதுகளில் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. எண்ணிக்கைச் சண்டை முடியாது என்று தெரிந்ததும் விஞ்ஞானிகள் சண்டையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். உண்மை எது என்பதை விடு. உண்மை எதுவாக இருந்தாலும் தாங்கக்கூடிய விதி எது என்று பார். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கடல் செய்தார்கள். ஒன்றல்ல, பல. ஒன்றில் திமிங்கலம் வேகமாகப் பெருகும், ஒன்றில் மந்தமாக. ஒன்றில் பழைய பிடிப்புக் கணக்கு பொய். அதற்குள் எண்ணுகிறவனும் உண்டு, அவன் தப்பாகவே எண்ணுவான். ஐந்து குழுக்கள் ஆளுக்கொரு விதி எழுதிக் கொண்டுவந்து அந்தக் கடல்களில் நூறு வருஷம் ஓடவிட்டார்கள். ஜஸ்டின் குக் எழுதிய விதி ஜெயித்தது. 1994-ல் கமிஷன் ஏற்றுக்கொண்டது. உலக மீன்பிடிச் சரித்திரத்திலேயே இவ்வளவு சோதித்த விதி அதற்கு முன் கிடையாது. அதை வைத்துக் கமிஷன் இன்றுவரை ஒரு திமிங்கலத்தைக்கூடப் பிடிக்க அனுமதித்ததில்லை என்பது தனிக் கதை. தென்னாப்பிரிக்காவிலும் மத்திக்கும் நெத்திலிக்கும் இந்த முறை வந்தது. 2022-ல் நம் இந்தியப் பெருங்கடல் சூரைக் கமிஷன் பெருங்கண் சூரைக்கும் இதைக் கொண்டுவந்தது.

டோம்பிவிலிக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய படிப்பு வேண்டாம். புது ரயில் அட்டவணையை முதலில் காகிதத்தில் ஓட்டிப் பார். ஒரு வண்டி பழுதானால், மழையில் தண்டவாளம் முழுகினால், கூட்டம் இரண்டு மடங்கானால் என்னாகும் என்று பார்த்துவிட்டு அப்புறம் காலை எட்டரை மணிக்குப் பிளாட்பாரத்தில் விடு. அவ்வளவுதான். இதில் பயணியைக் கூப்பிட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உனக்கு வேகம் வேண்டுமா, உட்கார இடம் வேண்டுமா, தினமும் ஒரே நேரத்துக்கு வந்தால் போதுமா? இதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. ஒரு வருஷம் நிறையப் பிடித்து அடுத்த வருஷம் பட்டினி கிடக்கச் சம்மதமா, கொஞ்சம் குறைவாக, ஆனால் நிலையாக வரட்டுமா, கடல் காலியாகும் ஆபத்து நூற்றில் எத்தனை வரை தாங்குவாய் என்று வலைக்காரனைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மாடலுக்கே வேலை. அவனைக் கேட்காமல் ஓட்டினால், கேள்வியே இல்லாத பரீட்சைக்குச் சரியான விடை வரும்.

கம்ப்யூட்டரே இல்லாமல் இதைச் செய்தவர்களும் உண்டு. பாக் ஜலசந்தியில் இழுவைப் படகுக்கும் நாட்டுப் படகுக்கும் மண்டை உடைந்ததும், 1977 வாக்கில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகு நாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வளைகோடு ஒன்றும் போடவில்லை. மீறுகிறவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் மீறுவது எது என்பதில் குழப்பம் இல்லை. பாதி வேலை அதுதான்.

இப்போது நம் மராட்டியத்துக்கு வருவோம். இங்கே கடல்மீன் பிடிப்பை ஒழுங்குபடுத்த 1981-ல் சட்டம் வந்தது. நம் நாட்டில் டன் கணக்கில் பங்கு பிரித்துக் கொடுக்கும் வழக்கம் கடலில் இல்லை. படகு, வலை, கண்ணி அளவு, நாள், இவ்வளவுதான் கடிவாளம். சுருக்குமடிப் படகுகள் பெருகி ஊர் ரெண்டுபட்டபோது சோம்வன்ஷி கமிட்டி போட்டார்கள். சுருக்குமடி உரிமங்களைப் படிப்படியாக 182-க்குக் கொண்டுவரச் சொல்லி 2012-ல் அறிக்கை வந்தது. அரசாணை 2016 பிப்ரவரி 5-ல் வந்தது. நாலு வருஷம் அறிக்கை ஊறிக்கொண்டிருந்தது. மீன் அதுவரை காத்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை, அதற்கு ஓட்டு இல்லையே. ஆணைப்படி செப்டம்பர் முதல் டிசம்பர் வரைதான் சுருக்குமடி. சுருக்குமடிக்காரர் போதாது என்றார், சின்னப் படகுக்காரர் அதுவே அதிகம் என்றார். 2017-ல் எல்.இ.டி. விளக்கு போட்டு மீனை மயக்கிப் பிடிப்பதை மத்திய அரசு தடை செய்தது. ராத்திரி கடலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடை எவ்வளவு வெளிச்சமாக அமலாகிறது என்று தெரியும்.

கோலிகளைத் தெய்வமாக்கவும் வேண்டாம். டோல் வலையின் கடைசிப் பையில் கண்ணி பொடிக்கண்ணி. நாளைக்குக் கிலோவாகப் போகிற வவ்வால் மீன், ரூபாய் அகலத்தில் அதில் மாட்டும். சாத்பாட்டியில் செவுள்வலை போட்டு வவ்வால் பிடிக்கிறவர்கள் அதைச் சொல்லித்தான் பல வருஷமாகத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் 2023 செப்டம்பரில் அதற்கு ஒரு மரியாதை செய்தது: வெள்ளை வவ்வால் மராட்டியத்தின் மாநில மீன். நம் நாட்டில் எதற்காவது மாநிலப் பட்டம் கொடுத்தால் அதன் உடல்நிலையைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது.

உடல்நிலை என்றதும் இன்னொன்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1947-ல் பிறந்து, மண்டபத்தில் இருந்து, பிறகு கொச்சிக்குக் குடிபோனது, 2022-க்கான கணக்கில் 135 மீன் இருப்புகளை ஆராய்ந்து 91.1 சதவீதம் நலம் என்றது. அதே நிலையத்தின் கணக்குப்படி 2019-ல் மராட்டியத்தில் பிடிபட்டது 2.01 லட்சம் டன், 45 வருஷத்தில் மிகக் குறைவு. புயலும் மழையும் படகுகளைக் கரையில் கட்டிப்போட்டதும் அதற்கு ஒரு காரணம். துறைமுகத்தில் போய் 91.1 என்று சொல்லிப் பாருங்கள், ஐஸ் கட்டி பறந்து வரும். பொய் சொல்வது யார்? யாருமில்லை. ஷேஃபர் கோட்டில் பாதி மீன் இருந்தாலே இருப்பு நலம். கோலி தன் அப்பன் கொண்டுவந்த கூடையோடு ஒப்பிடுகிறான், அது முழுக்கூடை. இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து எந்தக் கூடை வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பங்கேற்பு. இங்கே நடப்பதோ பெரும்பாலும் வேறு: ஹால், பேனர், சமோசா, கையெழுத்து, குரூப் போட்டோ.

இதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் தேங்காய். ஆவணிப் பௌர்ணமிக்கு இங்கே நாரளி பூர்ணிமா என்று பெயர். அன்றைக்குக் கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டுத்தான் வலையை எடுப்பார்கள். மழைக்காலம் முழுக்க, மீன் முட்டையிடும் நேரத்தில், கடல் சும்மா கிடக்கும். மராட்டியத்தில் பழைய அரசு விதியும் இதை ஒட்டியே இருந்தது: ஜூன் 10 முதல் நாரளி பூர்ணிமா அல்லது ஆகஸ்ட் 15, எது முந்தியோ அதுவரை தடை. 2015-ல் மேற்குக் கரை முழுக்க ஒரே சீராக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் என்றாக்கினார்கள். இதில் வேடிக்கை, மீனவர் சங்கங்கள் தடையை ஆகஸ்ட் 15 வரை நீட்டுங்கள் என்று திரும்பத் திரும்ப மனுக் கொடுப்பதுதான். விலங்கு மாட்ட வேண்டியவன் கையை நீட்டி இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள் என்கிறான். மீனவன் பேராசைக்காரன் என்று வைத்துத்தான் பல மாடல்களை எழுதியிருக்கிறார்கள். இந்த மனுவை எந்தச் சமன்பாட்டில் சேர்ப்பார்கள் என்று பார்க்க ஆசை.

தின்கிறவர்கள் பக்கமும் ஒரு தடைக்காலம் உண்டு. மராட்டியர்களில் பலர் சிராவண மாதத்தில் கவுச்சி தொட மாட்டார்கள். அதற்கு முந்தின அமாவாசை கட்டாரி: ஒரு மாத விரதத்துக்கு முன்பணமாக ஒரே நாளில் தின்று குடித்துத் தீர்ப்பது. அது பெரும்பாலும் நம் ஆடி அமாவாசையாகவே விழும். எங்கள் கட்டடத்தில் அன்று ஒரு வீட்டில் எள்ளும் தண்ணீரும், எதிர்வீட்டில் சுரமை மீன் வறுவலும் வேறு தண்ணீரும். பல தடவை, கடலில் விசைப்படகே இறங்காத நாளில்தான் மீன் கடையில் வருஷத்திலேயே நீளமான வரிசை நிற்கிறது. ஐஸில் உறங்கியதும், எப்போதோ கரையேறியதும் அன்று புதுசாகிவிடும். அது முடிந்தால் சிராவணம், பிறகு கணபதி, அதன்பின் தமிழ் வீடுகளுக்குப் புரட்டாசி. எந்த விஞ்ஞானியும் எழுதாத விதி, எந்த இன்ஸ்பெக்டரும் வராமல் நடக்கிறது.

2023-ல் மராட்டியம் 54 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. வெள்ளை வவ்வால் 135 மில்லிமீட்டர், பொம்பில் 180. கேரளம் இதை முன்பே செய்திருந்தது. காகிதத்தில் இருப்பதை மீன்காரம்மாவின் பலகையில் பார்க்கலாம் என்று போனால், பாப்லெட் என்கிற பெரிய வவ்வால் ஐஸில் ஒருக்களித்துப் படுத்திருக்கும், பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கும் குறைந்த குஞ்சுகள் வாட்டா வாட்டாவாக, அதாவது கூறு கூறாக, குவிந்திருக்கும். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவாள்.

"காய் அண்ணா, க்யா, ஸ்வஸ்த ஆஹே." வாங்கிக்கொள், மலிவு என்கிறாள்.

"மாவ்ஷி, இது ரொம்பச் சின்னது. சட்டப்படி விற்கக் கூடாது."

"சட்டம் இருக்கட்டும், தின்கிறவன் கேட்கிறானே, அதனால் வருது."

அவள் சொன்னதில் தப்பில்லை. மாடலும் கமிட்டியும் அரசாணையும் சென்று சேராத கடைசிப் பங்குதாரர் பை தூக்கிக்கொண்டு எதிரே நிற்கும் நாம்தான். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று இருக்கும். அடுத்த தடவை மார்க்கெட்டுக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போங்கள். வவ்வால் பதின்மூன்றரையைத் தொடாவிட்டால் வாங்காதீர்கள், வாட்டா எவ்வளவு மலிவாக இருந்தாலும்.